உள்ளே சவ்வு இல்லாத தோல் பூட்ஸ்: பார்த்து வாங்குவது எப்படி?

நாலு வருஷம் மலையேறிய பூட்ஸ் ஒன்றைப் போன மாதம் பிளேடு போட்டு அறுத்தேன். தூக்கிப் போடுவதற்கு முன்னால் உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட ஆசை. வெளியே இரண்டு மில்லிமீட்டர் தோல். அதற்கடியில் மெல்லிய பஞ்சு. பஞ்சுக்கும் உள்துணிக்கும் நடுவே, அவித்த முட்டையை உரிக்கும்போது ஓட்டோடு ஒட்டிக்கொண்டு வருமே வெள்ளைப் படலம், அதைப் போல ஒன்று. கடைக்காரர்கள் மெம்பரேன் என்றும் வாட்டர்ப்ரூஃப் லைனிங் என்றும் சொல்வது இதைத்தான். இங்கே சவ்வு என்று சொல்லிக்கொள்வோம்.

அந்தச் சவ்வை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். விரல்கள் மடங்கும் இடத்தில் ஊசி குத்தியதுபோல் புள்ளி புள்ளியாக வெளிச்சம் வந்தது. குதிகால் பக்கம் உள்துணியோடு சேர்ந்து தேய்ந்து இல்லாமலே போயிருந்தது. வெளித்தோல் மட்டும் திடமாக இருந்தது. மெழுகு தேய்த்திருந்தால் இன்னும் பல வருஷம் உழைத்திருக்கும். உள்ளே இருந்த ஒரு படலம் கெட்டதால், நல்ல தோல் ஒன்று குப்பைக்குப் போகிறதே என்று மனசு கேட்கவில்லை. அதற்கடுத்து நான் வாங்கிய ஜோடியில் சவ்வு கிடையாது.

மலை நடைக்கென்று முதல்முறை பூட்ஸ் வாங்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "மழைக்குத் தாங்குமா?" என்பதுதான். நியாயமான கேள்வி. கடைக்காரரும் உடனே சவ்வு வைத்ததை எடுத்துக் காட்டுவார். நம் ஊர் வெயிலிலும் புழுக்கத்திலும் நடக்கிறவர்கள் கூடவே கேட்க வேண்டியது இன்னொன்று உண்டு: உள்ளே சேரும் ஈரம் எப்படி வெளியே போகும்?

சவ்வு என்ன செய்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். 1969-இல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர் சூடாக்கிய டெஃப்லான் குச்சியை மெதுவாக இழுத்துப் பார்த்தார். அது அறுந்து அறுந்து போனது. ஒருமுறை வெடுக்கென்று இழுத்தார். அறுந்துபோகாமல் பல மடங்கு நீண்டது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் கோடிக்கணக்கில் உண்டாகியிருந்தன. கோர்-டெக்ஸ் பிறந்தது அப்படித்தான். துளை ஒவ்வொன்றும் நீர்த்துளியைவிடப் பல்லாயிரம் மடங்கு சிறியது. நீராவியின் மூலக்கூறைவிடப் பல நூறு மடங்கு பெரியது. மழைத்தண்ணீர் உள்ளே நுழைய முடியாது, வியர்வை ஆவியாகி வெளியேறலாம். இன்று வேறு பிளாஸ்டிக்குகளிலும் இதே வேலையைச் செய்கிற சவ்வுகள் வருகின்றன. பூட்ஸுக்குள் இதைச் சாக்ஸ் மாதிரி தைத்து, ஒட்டி வைத்துவிடுகிறார்கள்.

கண்டுபிடிப்பு அருமையானது. ஆனால் ஆவி வெளியேற ஒரு தள்ளுவிசை வேண்டும். உள்ளே ஈர ஆவியின் அழுத்தம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் அது வெளியே போகும். இரத்த அழுத்தம் பார்க்கும் அதே பாதரச மில்லிமீட்டர் கணக்கில் சொல்கிறேன். நடக்கும்போது பூட்ஸுக்குள் 34 டிகிரி, முழு ஈரம் என்று வைத்துக்கொண்டால் உள்ளே ஆவியழுத்தம் சுமார் 40. ஸ்காட்லாந்து மலையில் 5 டிகிரிக் குளிரில், ஈரப்பதம் 90 சதவீதம் இருந்தாலும், வெளியே அது 6-தான். வித்தியாசம் 34. ஆவி விறுவிறுவென்று ஓடும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் மழைக்காலத்தில் 28 டிகிரி, அதே 90 சதவீத ஈரம் என்றால் வெளியே 25. வித்தியாசம் 15 மட்டும். தள்ளுவிசை பாதிக்கும் கீழே.

வித்தியாசம் குறைந்தால் தோலுக்கும் அதே கஷ்டம்தானே என்று கேட்பீர்கள். ஆமாம். ஆனால் சவ்வு பூட்ஸில் ஆவி தாண்ட வேண்டிய அடுக்குகள் அதிகம்: உள்துணி, சவ்வு, பஞ்சு, அப்புறம் வெளித்தோல். வெளித்தோல் மழையில் ஊறிவிட்டால் அந்த வழியும் கிட்டத்தட்ட அடைபட்டுவிடும். மாறாக, உள்ளேயும் தோலே லைனிங்காக இருந்தால் அது வியர்வையைத் தன் நார்களுக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும். பகலெல்லாம் குடித்ததை இரவில் கூடாரத்துக்குள் மெல்ல வெளியே விடும். நம் இரண்டு பாதங்களிலும் சேர்த்து ஏறத்தாழ இரண்டரை லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். ஒரு நாள் ஏற்றத்தில் அவை சுரப்பது எல்லாம் எங்கேயாவது போயாக வேண்டும்.

இன்னொரு விஷயம் எனக்கு அனுபவத்தில் உறைத்தது. வால்பாறைப் பக்கம் ஜூன் மாதம் ஓடை ஒன்றைக் கடந்தோம். தண்ணீர் கணுக்காலுக்கு மேல் வந்து பூட்ஸ் வாய் வழியாகவே உள்ளே இறங்கியது. வெளியிலிருந்து தண்ணீரை விடாத அதே சவ்வு, உள்ளே போன தண்ணீரையும் வெளியே விடவில்லை. கவிழ்த்துக் கொட்டினேன், சாக்ஸைப் பிழிந்து போட்டேன், அடுத்த நாளும் பாதம் ஊறிய அப்பளம் மாதிரிதான் இருந்தது. மூன்றாம் நாள் குதிகாலில் கொப்புளம் உடைந்தது. 1960-களில் வியட்நாம் காடுகளுக்கு அமெரிக்க ராணுவம் கொடுத்த பூட்ஸில் பாதத்தின் உட்பக்கம் சின்னச் சின்ன ஓட்டைகள் வைத்திருந்தார்கள், உள்ளே போன தண்ணீர் வெளியேற. வெப்பமண்டல மழையில் பாதம் நனையும் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு செய்த பூட்ஸ் அது.

அதனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சவ்வில்லாத தோல் பூட்ஸ் வாங்கினால் மழையில் கால் நனையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நல்ல தோலும் நல்ல மெழுகும் இருந்தால் சாதாரணத் தூறலையும், ஈரப் புல்லில் ஓரிரு மணி நேரத்தையும் தாங்கும். நாள் முழுக்கக் கொட்டினால் ஊறும். தடித்த தோல் ஊறினால் உலர ஒன்றிரண்டு நாள் ஆகும். மழை இல்லாத நேரத்தில் கால் புழுங்காமல் இருப்பதும், உள்ளே கெட்டுப்போகிற படலம் இல்லாததால் வருஷக்கணக்கில் உழைப்பதும்தான் இதை வாங்குவதற்கான காரணங்கள்.

பனியில் நடக்கப் போகிறவர்களுக்கு என் சிபாரிசு சவ்வு வைத்ததுதான். இமாசலத்தில் குளிர்கால மலையேற்றம், ஐரோப்பாவில் நவம்பர் மாதச் சேறு, இங்கெல்லாம் ஈரம் உள்ளே போனால் விரல் விறைக்கும். அங்கே ஆபத்து வியர்வையைவிட வெளித்தண்ணீரில்தான். அதேபோல், காலையில் ஏறி மதியம் இறங்குகிற காய்ந்த பாதைக்குப் பூட்ஸே தேவையில்லை. சாதாரண ஓட்டக் காலணி போதும். எங்களுக்கு வழிகாட்டியாக வருகிற மலைக்கிராமத்து அண்ணன் ரப்பர் செருப்பில்தான் வருகிறார், எங்களுக்கு முன்னால். முதுகில் பத்துக் கிலோவுக்கு மேல் சுமை, கல்லும் வேரும் நிறைந்த பாதை, இரண்டு மூன்று நாள் நடை என்றால்தான் தோல் பூட்ஸுக்கு வேலை வரும்.

இனி தோலுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

என் சித்தப்பா வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஷாப்பில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். சின்ன வயதில் லீவுக்குப் போனால் அவர் சட்டையிலிருந்து கடுக்காயும் சுண்ணாம்பும் கலந்த ஒரு வாசனை வரும். புதுப் பூட்ஸை அவரிடம் காட்டினால் முகப்பைப் பார்க்கவே மாட்டார். லேஸுக்கு அடியில் இருக்கும் பூட்ஸின் நாக்கைத் தூக்கி அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவுவார். "பளபளப்பைப் பார்த்து ஏமாறாதடா, வெட்டின ஓரத்தைப் பாரு" என்பார். அது எவ்வளவு சரியான சோதனை என்று பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது.

மாட்டுத் தோலை நெடுக்குவெட்டாகப் பார்த்தால், மயிர் இருந்த மேற்பக்கத்தில் நார்கள் மிக நெருக்கமாகப் பின்னிக்கிடக்கும். கீழே போகப் போகத் தளர்ந்துகொண்டே வரும். மேற்பக்கத்தை அப்படியே விட்டுவைத்த தோலுக்கு ஃபுல் கிரெய்ன் என்று பெயர். தண்ணீரையும் உராய்வையும் தாங்குவதில் இதற்கு ஈடில்லை. மேற்பக்கத்தை உப்புக் காகிதத்தால் லேசாக உரசி வெல்வெட் மாதிரி ஆக்கினால் அது நுபக். இதுவும் பலமானதுதான், மெழுகு போட்டால் கறுத்துப்போகும், அவ்வளவுதான். தடித்த தோலை மேல் ஏடு, கீழ் ஏடு என்று இரண்டாக அறுத்து எடுத்த கீழ்ப்பகுதி ஸ்ப்ளிட். ஸ்வேட் (suede) என்று விற்பது பெரும்பாலும் இதுதான். நார் தளர்ந்தது, தண்ணீரைக் குடிக்கும். அதன் மேல் பிளாஸ்டிக் பூச்சு அடித்து, செயற்கையாக மயிர்க்கண் அச்சும் பதித்து ஒரிஜினல் லெதர் என்று விற்பதும் உண்டு. பொய் என்று சொல்ல முடியாது, தோல்தான் அது. ஆனால் சவ்வில்லாத பூட்ஸுக்கு உதவாது. பூச்சு மடிப்பில் வெடித்த அன்றே தண்ணீர் உள்ளே வந்துவிடும்.

கண்டுபிடிப்பது எப்படி? சித்தப்பா செய்ததையே செய்யுங்கள். நாக்கின் ஓரம், லேஸ் துளைகளின் ஓரம், இங்கெல்லாம் வெட்டுப் பக்கம் தெரியும். மேலிருந்து கீழ்வரை ஒரே சதையாக, நார் நாராக இருந்தால் நல்லது. மேலே தனியாக ஒரு பிளாஸ்டிக் ஏடு படிந்திருந்தால் பூச்சுத் தோல். அடுத்து, கட்டைவிரலால் பக்கவாட்டில் அழுத்துங்கள். ஃபுல் கிரெய்னில் கண் ஓரச் சுருக்கம்போல் மெல்லிய கோடுகள் ஓடி, விரலை எடுத்ததும் மறையும். பூச்சுத் தோலில் பெரிய மொத்தையான மடிப்பு விழும், அல்லது ஒன்றுமே விழாமல் ரெக்சின் மாதிரி விறைப்பாக இருக்கும். கொசுக்கடித் தழும்பு, சின்னக் கீறல் எல்லாம் தெரிகிற தோலைக் குறை என்று ஒதுக்காதீர்கள். அந்த மாடு நிஜமாக வாழ்ந்திருக்கிறது, அதன் தோலை யாரும் சுரண்டி மறைக்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

தடிமன் 2 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் லேசான நடைக்கு. 2.4 முதல் 2.8 வரை இருந்தால் சுமையோடு நடக்க. அதற்கு மேல் பனிமலை ஏறுகிறவர்களுக்கு. நமக்குக் கனம்தான் மிச்சம்.

தோல் நன்றாக இருந்தாலும் தண்ணீர் நுழைவது தையல் வழியாகத்தான். ஊசி போன ஒவ்வொரு இடமும் ஒரு ஓட்டை. அதனால் துண்டு துண்டாக ஒட்டுப் போட்ட பூட்ஸைவிட, முன்பக்கம் முழுக்க ஒரே தோலில் வெட்டிப் பின்னால் மட்டும் ஒரு தையல் போட்ட பூட்ஸ் மேலானது. விலை கூடும், ஏனென்றால் அவ்வளவு பெரிய பழுதில்லாத துண்டு ஒரு தோலில் அதிகம் கிடைக்காது. நாக்கு இரண்டு பக்கமும் மேல்தோலோடு மடிப்பாகச் சேர்த்துத் தைத்திருக்கிறதா என்று பாருங்கள். சவ்வு இல்லாத பூட்ஸில் இந்த மடிப்பு எவ்வளவு உயரம் வருகிறதோ அவ்வளவு உயரத் தண்ணீரில்தான் தைரியமாகக் கால் வைக்கலாம். நம் காடுகளில் இதற்கு இன்னொரு பெரிய பயனும் உண்டு: அட்டை. லேஸ் இடுக்கு வழியாக நுழைகிற அட்டையை இந்த மடிப்பு தடுத்துவிடும். மேலே ஏறி வருவதைத் தடுக்க அட்டைச் சாக்ஸ் தனியாக வேண்டும்.

லைனிங்கைத் தடவிப் பார்த்தாலே சவ்வு இருக்கிறதா இல்லையா என்று பாதி தெரிந்துவிடும். உள்ளே தோல் லைனிங் இருந்தால் பெரும்பாலும் சவ்வு இருக்காது. வலைத்துணி லைனிங்கைக் கிள்ளும்போது அடியில் காகிதம்போல் ஏதோ சரசரத்து நழுவினால் அது சவ்வு. மாடல் பெயரின் கடைசியில் ஜி.டி.எக்ஸ். என்று இருந்தால் கோர்-டெக்ஸ். வாட்டர்ப்ரூஃப் என்று அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் இருந்தாலும் உள்ளே சவ்வு இருக்குமோ என்று சந்தேகப்படுங்கள். ஜெர்மனியின் மைண்டில், ஹன்வாக், இங்கிலாந்தின் ஆல்ட்பெர்க் போன்ற நிறுவனங்கள் தோல் லைனிங் வைத்த, சவ்வில்லாத பூட்ஸ்களை இன்றும் செய்கின்றன. அவ்வளவு செலவழிக்க வேண்டாம் என்கிறவர்களுக்கு, என்.சி.சி.யில் போட்டிருப்பீர்களே கறுப்பு பூட்ஸ், அதுவும் சவ்வில்லாத தோல் பூட்ஸ்தான். அதை விற்கும் கடைகளில் தேடினால் தோல் தரமாக உள்ளவை கிடைக்கும். மலைக்கு ஏற்ற சோல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

சோல் பற்றி நடைபயணம் போகிற எல்லோருக்கும் நான் சொல்கிற எச்சரிக்கை ஒன்று. ஆழமான பள்ளங்கள் வைத்த ரப்பர் அடிப்பாகம் 1937-இல் வந்தது. 1935-இல் ஆல்ப்ஸில் தன் தோழர்கள் ஆறு பேரை இழந்த விடாலே பிரமானி என்ற இத்தாலிய மலையேறி செய்தது. அந்த சோலுக்கு விப்ரம் என்ற பெயர் அவர் பெயரிலிருந்து வந்ததே. அந்த ரப்பர் நீடித்து உழைக்கும். அதற்கும் பூட்ஸுக்கும் நடுவே இருக்கிற மெத்தென்ற அடுக்குதான் ஆபத்து. அது பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் நுரையாக இருந்தால் காற்றின் ஈரமே அதைச் சிதைக்கும். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் நாலைந்து வருஷம் அலமாரியில் சும்மா கிடந்த பூட்ஸ், ஒரு நாள் மலைமேல் ரஸ்க் மாதிரி உதிர்ந்துவிடும். நண்பர் ஒருவர் கொடைக்கானல் இறக்கத்தில் இரண்டு சோலையும் நைலான் கயிற்றால் கட்டிக்கொண்டுதான் கீழே வந்தார். தள்ளுபடியில் பழைய ஸ்டாக் வாங்காதீர்கள். தயாரித்த தேதியைக் கேளுங்கள். தைத்த சோல் உள்ள பூட்ஸ் என்றால் தேய்ந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம். உள்ளே சவ்வு கிழியுமோ என்ற கவலை இல்லாததால், மாற்றித் தைப்பதற்கு அர்த்தமும் இருக்கிறது.

அளவு பார்க்கச் சாயங்காலம் போங்கள், அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும். மலையில் போடப்போகிற அதே கம்பளிச் சாக்ஸைக் கையோடு எடுத்துப் போங்கள். லேஸ் கட்டாமல் பாதத்தை முன்னே தள்ளி, குதிகாலுக்குப் பின்னால் ஆள்காட்டி விரல் நுழைகிறதா என்று பாருங்கள். பிறகு கட்டிக்கொண்டு கடைப் படிக்கட்டில் இறங்குங்கள். பெருவிரல் நுனியில் இடித்தால் அந்த ஜோடி வேண்டாம். தோல் அகலத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், நீளத்தில் கொடுக்கவே கொடுக்காது. நம்மில் பலர் வெறுங்காலிலும் செருப்பிலும் வளர்ந்தவர்கள். விரல் பக்கம் பாதம் விரிந்திருக்கும். ஐரோப்பியக் கட்டையில் (பூட்ஸ் தைக்க அச்சாக வைக்கிற பாத வடிவம்) செய்த பூட்ஸ் அங்கே நெருக்கும். ஒரு சைஸ் பெரிதாக எடுத்துச் சமாளிக்கலாம் என்றால் குதிகால் தளர்ந்து கொப்புளம் வரும். அகலமான கட்டையில் செய்ததைக் கேட்டு வாங்குவதுதான் வழி.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. நடந்து வந்ததும் சேற்றை ஈரத்துணியால் துடையுங்கள். உள்ளட்டையைக் கழற்றி, பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, மின்விசிறிக் காற்றில் வையுங்கள். ஒரு மணிக்கு ஒருமுறை தாளை மாற்றுங்கள். வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தால் ஈரத்தோல் சுருங்கி வெடிக்கும்; அதற்கப்புறம் எந்த மெழுகும் காப்பாற்றாது. காய்ந்த பிறகு தேன்மெழுகு கலந்த பூட்ஸ் மெழுகை விரலாலேயே தேயுங்கள். கைச்சூட்டில் அது இளகித் தையலுக்குள் இறங்கும். தையலுக்கும் நாக்கு மடிப்புக்கும் இரண்டு மடங்கு, மற்ற இடத்துக்கு மெல்லியதாக. எண்ணெய் ஊற்றி ஊற்றித் தேய்க்கிறவர்கள் உண்டு. தோல் துவண்டு கணுக்காலைப் பிடிக்காமல் போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள், வெள்ளைப் பூசணம் பூக்கும். பூத்துவிட்டால் தண்ணீர் கலந்த வினிகரில் துணியை நனைத்துத் துடைத்து, காற்றாட விட்டால் போகும்.

தோலுக்கும் ஒரு விலை உண்டு, அதை மறைக்க எனக்கு மனமில்லை. பாலாறு தோல் கழிவால் பட்ட பாடு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-இல் தீர்ப்பானது. சித்தப்பா ஊரில் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாத வருஷங்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் ஒரு ஜோடி வாங்கினால் சோல் மாற்றி மாற்றிப் பத்து வருஷம் போடுகிற மாதிரி வாங்குங்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வாங்கி வந்ததும் மலைக்கு ஓடாதீர்கள். தடித்த தோல் பாதத்துக்குப் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். முதல் சில நாள் வீட்டுக்குள்ளேயே, தினம் ஒரு மணி நேரம், லேஸை மேல்வரை ஒழுங்காகக் கட்டி நடங்கள். தோல் முதலில் எங்கே மடிகிறதோ அங்கேயேதான் கடைசிவரை மடியும். லேஸ் தொளதொளவென்று இருந்தால் மடிப்பு கோணலாக விழுந்து விரல் மூட்டை அழுத்தும். மடிப்பு உங்கள் விரல்கள் வளைகிற இடத்தில் நேராக விழுந்திருந்தால் அடுத்து தெருவில் நடக்கலாம், பிறகு முதுகில் ஐந்து கிலோ அரிசியோடு. மடிப்பு எலும்பில் குத்தினால், சோலில் மண் படுவதற்கு முன்பே பெட்டியோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.